இழுவை

குமுதவல்லி கூப்பிடும்போது அங்கே இரவு ஒன்பது.
இங்கே நான் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருப்பேன்.
கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
லாரிப் பம்புகளைக் கழற்றி, கழுவி, மாட்டித் தரும் கடை.
நாசில் நுனியில் ஊசிக்கண்ணிலும் சிறிய துளைகள்.
எல்லாவற்றிலும் பனிபோல் வந்தால் வண்டி பிழைத்தது.
ஒன்று மட்டும் சொட்டினாலும்
தொப்பூர் மேட்டில் எவனோ என்னைத் திட்டுகிறான்.

அவள் கொலராடோவில்
மலைக்கு ஏறுகிற வண்டி தேடி
மூன்று ஷோரூம் அலைந்திருக்கிறாள்.
"டீசல் இருக்கான்னு கேட்டேன்டி.
நிறுத்தியாச்சுங்கறான்.
பெட்ரோல் இருக்காம், பாதி பேட்டரி இருக்காம், முழு பேட்டரி இருக்காம்,
பன்னண்டு கலர்ல இருக்காம்.
டீசல்தான் வேணும்னா பெரிய டிரக்கு எடுத்துக்கணுமாம்.
அது எங்க தெருவுக்குள்ள திரும்பவே திரும்பாது."

கோரிமேட்டுக் கல்லூரியில்
என்னோடு கெமிஸ்ட்ரி படித்தவள்.
எதுவும் கிடைக்கும் ஊர் என்றுதான் போனாள்.
சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லாம் போன டிசம்பரில் வந்த வினை.
ஏற்காடு தாண்டி, நாகலூரும் தாண்டி,
மிளகு மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாய்
சடையப்பன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள்.
மழையில் நனைந்த உருட்டுக்கல் ஏற்றம்.
முதல் கியர்.
சடையப்பன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு
பீடி தேடினான்.
ஜீப் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது,
அவசரமில்லாமல்,
கடனைக் கட்டி முடித்தவன் வீட்டுக்குப் போவதுபோல.
"யாரு ஓட்டறது இப்ப?" என்று என் காதில் கேட்டாள்.
இழுவை என்றேன்.
அந்த ஒரு சொல்லைத்தான்
பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள்.

அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
என் கடைச் சுவரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்.
சாயங்காலம் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் என்ன வருகிறதோ
அதை அவர்கள் ஊருக்குள் விடவில்லை, அவ்வளவுதான்.
சோதனைக்கூடத்தில் மட்டும்
நல்ல பிள்ளையாய் மூச்சுவிட்ட எஞ்சின்களும் அங்கே இருந்தனவாம்.
எஃப்.சி.க்கு முதல் நாள் என்னிடம் வருகிற லாரிகளைப் பார்த்தவளுக்கு
அதில் என்ன ஆச்சரியம்?

"பழசா ஒண்ணு இங்கிருந்து அனுப்பேன்" என்றாள் ஒருநாள்.
விசாரித்தும் வைத்திருந்தாள்:
வண்டிக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டால்
அந்த நாடு அவ்வளவாகக் கேள்வி கேட்காதாம்.
பெண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்கு இருபத்தொன்று,
டீசல் ஜீப்புக்கு இருபத்தைந்து.
இங்கே பதினைந்து தாண்டினாலே
ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியில்
கிழவி போலக் காக்க வைக்கிறார்கள்.
சடையப்பனிடம் சொன்னேன்.
"இன்னும் ரெண்டு வருசம் இருக்கு.
அதுவரைக்கும் மொளகை யாரு எறக்குறது?" என்றான்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"அந்தம்மாவுக்கு ஸ்டேரிங் இந்தப்பக்கம் இருந்தா பரவால்லயா?"

கடைசியில் அவள் கேட்டது சத்தம் மட்டும்.
விடியற்காலை ஆறுக்கு, குளிரில்,
சில்வர் ஓக் மரத்தடியில்
போனை பானெட் மேல் வைத்துப் பதிவு செய்தேன்.
முதல் இரண்டு தடவை பிடிக்கவில்லை.
மூன்றாவதில் ஒரு இருமல், ஒரு நாய்க்குரைப்பு,
சடையப்பன் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் தடதடதடவென்று
நாலு நிமிஷம்.

நேற்று சொன்னாள்.
ஆபீஸ் பார்க்கிங்கில்
சத்தமே இல்லாத புது வண்டிக்குள் உட்கார்ந்து
எல்லா ஸ்பீக்கரிலும் அதைப் போட்டாளாம்.
இரண்டாவது நிமிஷம்
யாரோ ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாராம்:
"உடனே ஆஃப் பண்ணுங்க,
உங்க வண்டியில ஏதோ பெரிய கோளாறு."